திருட்டு டவுன்லோட் செய்பவரைத் தண்டிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படம், பாட்டு, மின்புத்தகம், கேம் எதுவானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்கிறவரைச் சட்டம் என்ன செய்ய வேண்டும்? இந்தப் பேச்சை எடுத்தாலே இரண்டு குரல்கள் எழும். ஒன்று, "திருட்டு திருட்டுதான், பிடித்து உள்ளே போடு." இன்னொன்று, "உலகமே செய்கிறது, எத்தனை பேரைப் பிடிப்பாய்?" என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய யோக்கியனும் இல்லை, அந்தக் கதை கீழே வரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: தண்டிக்கலாமா, கூடாதா?

அபராதம் போடலாம். வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடச் சில மடங்கு, கை சுடுகிற அளவுக்கு. சிறை, லட்சக்கணக்கில் நஷ்டஈடு, இணைய இணைப்பைப் பிடுங்குவது எல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஒரு படத்தை இறக்கியவருக்குக் கூடாது. அந்த ஆயுதங்களை, படத்தை வெளியே கசியவிட்டு அதில் காசு பார்க்கிறவருக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது திருட்டுதானே? திருடனுக்கு என்ன அபராதம்?

தமிழில் இந்த விவாதம் தொடங்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. "திருட்டு டவுன்லோட்" என்று பெயர் வைத்துவிட்டு, அது திருட்டா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்? (இன்னொரு குழப்பமும் உண்டு. பலரும் "காப்புரிமை மீறல்" என்று எழுதுகிறார்கள். காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்குத் தருவது. பாட்டுக்கும் படத்துக்கும் இருப்பது பதிப்புரிமை.)

என் சைக்கிளை நீங்கள் எடுத்துப் போனால் எனக்குச் சைக்கிள் இல்லை. என் பாட்டை நீங்கள் நகலெடுத்தால் பாட்டு என்னிடமும் இருக்கிறது, உங்களிடமும் இருக்கிறது. போயிருப்பது எனக்கு வந்திருக்கக்கூடிய பணம். அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதை 1985-ல் பிரித்துப் பார்த்தது. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை அனுமதியில்லாமல் இசைத்தட்டுகளாக அச்சடித்துத் தபாலில் விற்ற ஒருவர்மீது, திருட்டுப் பொருளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தியதாகவும் ஒரு குற்றச்சாட்டு. அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது, பதிப்புரிமை மீறலும் திருட்டும் ஒன்றல்ல என்று தீர்ப்பு வந்தது. வியாபாரமாகவே செய்தவருக்கே அப்படி.

திருட்டு இல்லை என்றால் தப்பே இல்லை என்று அர்த்தமா? இல்லை. எனக்குப் பொருத்தமாகப் படுவது டிக்கெட் எடுக்காமல் ரயிலில் ஏறுவது. ஒருவர் ஓசியில் போவதால் ரயில் நின்றுவிடாது, எல்லாரும் ஓசியில் போனால் ரயிலே ஓடாது. அதனால்தான் பரிசோதகர் வருகிறார், அபராதம் போடுகிறார். அதற்காக யாரும் அந்தப் பயணியை ரயிலைத் திருடியவர் என்று சொல்வதில்லை.

இறக்குவதும் பகிர்வதும் ஒன்றா?

ஒன்றில்லை. ஆனால் டொரண்ட் (ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பலர் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் முறை) பயன்படுத்துகிறவர் இரண்டையும் சேர்த்தே செய்கிறார். பலருக்கு இது தெரியவே தெரியாது.

டொரண்ட் மென்பொருளைத் திறந்து ஒரு கோப்பைப் போட்டுவிட்டு உற்றுப் பாருங்கள். பச்சைக் கோடு மெல்ல நகரும். 12 சதவீதம், 13 சதவீதம். பக்கத்தில் இரண்டு எண்கள் ஓடும். ஒன்று கீழ்நோக்கிய அம்பு, மற்றது மேல்நோக்கிய அம்பு. நம் கண் முழுக்கக் கீழ் அம்பில்தான் இருக்கும், எப்போது முடியும் என்று. மேல் அம்பிலும் எண் ஏறிக்கொண்டே இருக்கும். படம் நமக்கு முழுதாக வருவதற்கு முன்னாலேயே, வந்து சேர்ந்த துண்டுகளை முகம் தெரியாத பத்துப் பேருக்கு நாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் கோப்பின் நிலை "சீடிங்" என்று மாறும். மென்பொருளை மூடும்வரை விநியோகம் நடக்கும்.

வழக்குகள் பெரும்பாலும் இந்த மேல் அம்பைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. "நான் பார்க்கத்தானே இறக்கினேன்" என்பது நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும், நீதிமன்றத்தில் நீங்கள் விநியோகஸ்தர். தண்டனைச் சட்டம் எழுதுகிறவர்கள் இந்தத் தானியங்கி விநியோகத்தையும், தெரிந்தே ஒரு தளம் நடத்தி ஆயிரம் படங்களை ஏற்றுகிறவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பல சட்டங்கள் வைக்கின்றன.

இறக்காமல் ஆன்லைனில் பார்த்தால்?

ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் சொன்னது: சட்டவிரோத மூலம் என்று தெரிந்தே ஸ்ட்ரீம் செய்து பார்ப்பதும் மீறல்தான். அமெரிக்கா 2020 டிசம்பரில் கொண்டுவந்த ஸ்ட்ரீமிங் சட்டமோ, காசுக்காக அப்படிப்பட்ட சேவை நடத்துகிறவரை மட்டும் குறிவைத்தது, பார்க்கிறவரை விட்டுவிட்டது. எனக்கு அமெரிக்க வழிதான் புத்திசாலித்தனமாகத் தெரிகிறது.

வெவ்வேறு நாடுகளில் என்ன தண்டனை?

ஒரே செயல், எல்லை தாண்டினால் வேறு வேறு விலை. சுவிட்சர்லாந்தில் சொந்த உபயோகத்துக்காகப் பாட்டும் படமும் இறக்குவது குற்றமே இல்லை, மூலம் சட்டவிரோதமாக இருந்தாலும். ஏற்றுவதுதான் குற்றம். ஜப்பானில் 2012 அக்டோபர் முதல், காசுக்கு விற்கப்படும் இசையையோ படத்தையோ தெரிந்தே இறக்கினால் 2 ஆண்டுவரை சிறை அல்லது 20 லட்சம் யென்வரை அபராதம். 2021-ல் மாங்கா படக்கதைகளுக்கும் தடையை நீட்டினார்கள். அமெரிக்காவில் சிவில் வழக்கிலேயே ஒரு படைப்புக்கு 750 டாலரில் தொடங்கி, வேண்டுமென்றே செய்தது என்று நிரூபணமானால் 1,50,000 டாலர்வரை போகலாம். பிரிட்டன் 2017-ல் இணையவழி மீறலுக்கான உச்சத் தண்டனையை 2 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தியது. இந்தியா 2023-ல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தியபோது, திரையரங்கில் கேமராவால் படத்தைப் பிடிப்பவருக்கும் அதை வெளியிடுபவருக்கும் 3 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறை என்று வைத்தது.

எனக்குப் பிடித்தது கனடா. லாப நோக்கமில்லாத மீறலுக்குச் சட்டம் நிர்ணயித்த நஷ்டஈடு எல்லாம் சேர்த்து 100 முதல் 5,000 டாலர்தான். எத்தனை பாட்டு, எத்தனை படம் என்று பெருக்கிக்கொண்டே போக முடியாது. வியாபாரமாகச் செய்கிறவருக்குக் கணக்கு வேறு. இந்தக் கோட்டைப் போட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாலு பேரைக் கடுமையாகத் தண்டித்தால் மற்றவர்கள் பயப்பட மாட்டார்களா?

இதைச் செய்து பார்த்தாயிற்று. 1999-ல் பாட்டுகளை இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டர் சேவை வந்தது. அதை நீதிமன்றம் மூலம் மூடவைத்தும் பகிர்வு நிற்கவில்லை என்றதும், அமெரிக்க இசை நிறுவனங்களின் சங்கம் 2003 முதல் தனி ஆட்கள்மீதே வழக்குப் போட ஆரம்பித்தது. ஐந்து வருடத்தில் 30,000-க்கும் மேற்பட்டவர்கள். முதல் சுற்றிலேயே சிக்கியவர்களில் 12 வயதுச் சிறுமி ஒருத்தியும் உண்டு. அவள் வீட்டார் 2,000 டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டார்கள். இன்னொரு வழக்கில் பிரதிவாதி 83 வயதுப் பாட்டி. வழக்குப் போடும்போது அவர் உயிரோடு இல்லை.

இதில் மின்னசோட்டா மாநிலத்துத் தாய் ஒருவரின் வழக்கைப் பாருங்கள். 24 பாடல்கள். 2007-ல் ஜூரி போட்டது 2,22,000 டாலர். மறுவிசாரணையில் 2009-ல் 19,20,000 டாலர், அதாவது ஒரு பாட்டுக்கு 80,000. நீதிபதியே இது கோரம் என்று 54,000 ஆகக் குறைத்தார். மூன்றாவது ஜூரி 15 லட்சம் என்றது. மறுபடி 54,000. கடைசியில் 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000-க்கே கொண்டுவந்து நிறுத்தியது. அதே பாட்டுகள், அதே பெண், ஐந்து வருடத்தில் நாலு வெவ்வேறு தொகைகள். இதைப் பார்க்கிறவருக்குச் சட்டத்தின்மேல் பயமா வரும்? லாட்டரிச் சீட்டு ஞாபகம்தான் வரும், பரிசுக்குப் பதிலாக அபராதம் விழுகிற லாட்டரி.

2008 கடைசியில் அந்தச் சங்கமே தனி ஆட்கள்மீது புதிதாக வழக்குப் போடுவதை நிறுத்திக்கொண்டது. தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, மாட்டிக்கொள்வோமா என்பதுதான் மனிதனை யோசிக்கவைக்கும். பல லட்சம் பேரில் ஒருவர் மாட்டுகிறார் என்றால் மற்றவர்கள் "நமக்கு வராது" என்றுதான் நினைப்பார்கள்.

இணைப்பைத் துண்டித்தால்? சிறையும் இல்லை, பெரிய தொகையும் இல்லையே.

பிரான்ஸ் 2009-ல் இதற்கென்றே "ஹதோபி" என்று ஓர் அமைப்பை உண்டாக்கியது. முதல் எச்சரிக்கை மின்னஞ்சலில், இரண்டாவது பதிவுத் தபாலில், மூன்றாவது தடவை இணைப்பு போய்விடும். நீதிபதி இல்லாமல் நிர்வாகமே இணைப்பைத் துண்டிக்கலாம் என்று முதலில் எழுதியிருந்தார்கள். அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அதை ஏற்கவில்லை. கருத்துச் சுதந்திரத்துக்கு இணையம் தேவை, அதைப் பறிப்பது நீதிபதி தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்றது.

2012-ல் ஒருவருக்கு 150 யூரோ அபராதம் விழுந்தது. பாட்டை இறக்கியவர் அவருடைய மனைவி. அவரும் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் இணைப்பு கணவர் பெயரில் இருந்ததால், "இணைப்பைப் பத்திரமாக வைத்திருக்கவில்லை" என்று இவருக்கு அபராதம். 2013 ஜூனில் ஒருவருக்கு 600 யூரோவும் 15 நாள் துண்டிப்பும் விதித்தார்கள். அடுத்த மாதமே அரசு துண்டிப்புத் தண்டனையை ஒழித்துவிட்டது. லட்சக்கணக்கில் எச்சரிக்கை அனுப்பிய அமைப்பு கண்ட பலன் இவ்வளவுதான்.

ஒரு வீட்டில் ஒருவர் தவறுக்கு எல்லாருடைய இணைப்பையும் அறுப்பது எனக்கு ஒப்பவில்லை. பிள்ளையின் வகுப்பு, வங்கி, மருத்துவரிடம் நேரம் வாங்குவது எல்லாம் அந்த ஒரு கம்பியில்தான் ஓடுகிறது.

ஐ.பி. முகவரி ஆதாரம் இருந்தால் போதாதா?

ஐ.பி. முகவரி ஓர் இணைப்பைக் காட்டும். ஆளைக் காட்டாது. வீட்டில் ஐந்து பேர், விருந்தாளி இருவர், கடவுச்சொல்லை எப்போதோ வாங்கிப்போன பக்கத்து வீட்டுப் பையன். யாரைப் பிடிப்பது? பில் யார் பெயரில் வருகிறதோ அவரை.

இந்த ஓட்டையை வைத்துத் தொழிலே நடத்தியவர்கள் உண்டு. அமெரிக்காவில் இரண்டு வழக்கறிஞர்கள் போலி நிறுவனங்கள் பெயரில் ஆபாசப் படங்களின் உரிமையை வாங்கினார்கள். சில படங்களை இதற்காகவே எடுத்தார்கள். தாங்களே அவற்றை டொரண்ட் தளத்தில் ஏற்றினார்கள். யார் இறக்குகிறார்கள் என்று காத்திருந்து, நீதிமன்ற உத்தரவு வாங்கி இணைப்புதாரரின் பெயர், முகவரியைப் பெற்று, கடிதம் அனுப்பினார்கள். சுமார் 3,000 டாலர் கொடுத்தால் விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் வழக்கு, உன் பெயரோடு அந்தப் படத்தின் பெயரும் பொது ஆவணத்தில் வரும். செய்தவரும் கொடுத்தார், செய்யாதவரும் மானத்துக்குப் பயந்து கொடுத்தார். 2010 முதல் 2013 வரை சுமார் 60 லட்சம் டாலர் வசூல். கடைசியில் குட்டு வெளிப்பட்டு, 2019-ல் ஒருவருக்கு 14 ஆண்டு, மற்றவருக்கு 5 ஆண்டு சிறை.

டவுன்லோட் விவகாரத்தில் எனக்குத் தெரிந்த மிக நீளமான தண்டனைகளில் ஒன்று, வழக்குப் போட்டவருக்கே கிடைத்தது. பெரிய தொகையும் பலவீனமான ஆதாரமும் ஒரே சட்டத்தில் இருந்தால் இப்படிப்பட்டவர்கள் வந்து சேர்வார்கள். தண்டனைத் தொகையைச் சிறியதாக வைக்கச் சொல்வதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

உண்மையில் நஷ்டம் எவ்வளவு?

சொன்னேனே, என் கதை. பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது. மாணவனாக இருந்தபோது சேர்த்தது, நானூற்றுச் சொச்சம் படங்கள். எண்ணிப் பார்த்தேன், நான் திறந்து பார்த்தவை எழுபதுகூட இல்லை. இலவசமாகக் கிடைத்ததால் குவித்தேன். அந்த நானூறையும் நான் விலை கொடுத்து வாங்கியிருப்பேன் என்று தயாரிப்பாளர் கணக்குப் போட்டால் சிரிப்புதான் வரும். அதே சமயம், அந்த எழுபதில் ஒரு பத்தையாவது நிச்சயம் காசு கொடுத்துப் பார்த்திருப்பேன். அந்தப் பத்து உண்மையான நஷ்டம்.

ஐரோப்பிய ஆணையம் 2015-ல் முடித்து வாங்கிய ஓர் ஆய்வு கிட்டத்தட்ட இதையே சொன்னது. இசை, புத்தகம், கேம் ஆகியவற்றில் விற்பனை குறைந்ததற்கு உறுதியான புள்ளிவிவர ஆதாரம் கிடைக்கவில்லை. புதிதாக வந்த பெரிய படங்களில் மட்டும் பத்துத் திருட்டுப் பார்வைக்கு நாலு முறையான பார்வை குறைகிறது என்றது. ஆணையம் அதை வெளியே விடாமலே வைத்திருந்தது. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் ஜூலியா ரேடா 2017-ல் வெளியே கொண்டுவந்தார். ஆதாரம் கிடைக்கவில்லை என்பதற்கு நஷ்டமே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. 1999-ல் சுமார் 1,460 கோடி டாலராக இருந்த அமெரிக்க இசைத் துறை வருமானம் 15 வருடத்தில் பாதிக்கும் கீழே போனது. ஆல்பத்துக்குப் பதில் ஒற்றைப் பாட்டு வாங்கும் பழக்கமும் அதில் ஒரு காரணம், ஆனால் பகிர்வுக்குப் பங்கே இல்லை என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது.

பெரிய கம்பெனியை விடுங்கள். சின்னக் கலைஞருக்கு என்ன பதில்?

தண்டனை வேண்டும் என்கிற பக்கத்தில் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி இதுதான். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய நாவல், வெளியான மறுநாளே பி.டி.எஃப். ஆகக் குழுவுக்குக் குழு பறக்கிறது. கீழே "அருமையான புத்தகம், நன்றி" என்று பதில்கள். அந்த நன்றி, கோப்பை அனுப்பியவருக்கு. எழுதியவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் போய் "நகலெடுத்தால் மூலம் உங்களிடம்தானே இருக்கிறது" என்று தத்துவம் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் இன்றைய கடும் சட்டங்கள் அவருக்கும் உதவுவதில்லை. வழக்குப் போடவே புத்தகம் தந்த வருமானத்தைப்போலப் பல மடங்கு ஆகும். அமெரிக்கா 2022-ல் பதிப்புரிமைச் சிறு வழக்குகளுக்கென்று ஒரு மன்றம் திறந்தது. வக்கீல் இல்லாமல் போகலாம், இணையவழி விசாரணை, அதிகபட்சம் 30,000 டாலர். எதிர்த்தரப்பு வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை அடைத்து, உச்சவரம்பையும் இறக்கினால் சின்னக் கலைஞருக்குப் பத்து வருடச் சிறைச் சட்டத்தைவிட அது பிரயோஜனப்படும்.

காசு கொடுத்துப் பார்க்க வழியே இல்லையென்றால்?

அப்போது தண்டனை பற்றிப் பேசுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிபிசி, 1960-களில் ஒளிபரப்பிய புகழ்பெற்ற அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றின் நாடாக்கள் பலவற்றை அழித்துவிட்டது. தொலைந்துபோன அந்தப் பகுதிகளின் ஒலி மட்டும் இன்றும் இருக்கிறது. காரணம், ரசிகர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரை டிவி முன்னால் வைத்துப் பதிவு செய்தது. உரிமையாளரே தூக்கிப் போட்டதை, அனுமதி கேட்காத ரசிகர் காப்பாற்றினார். விற்பனையிலேயே இல்லாத படைப்பை இறக்கியவரிடம் அபராதம் வசூலிக்கக் கூடாது. மறுபக்கம், "என் சந்தாவில் இல்லை, இன்னொரு சந்தா கட்ட மனசில்லை" என்பது வழியில்லாத நிலை ஆகாது.

ஆராய்ச்சிக் கட்டுரைகளை இறக்கும் மாணவர்?

அமெரிக்க மென்பொருள் நிரலாளர் ஆரன் ஸ்வார்ட்ஸை நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக வலையமைப்பு வழியாக, ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கினார். அவர் கோப்புகளைத் திருப்பிக் கொடுத்ததும் ஜேஸ்டோர் மேற்கொண்டு வழக்கு வேண்டாம் என்றது. அரசு வழக்கறிஞர்கள் விடவில்லை. 2011-ல் குற்றம் சாட்டியபோது 35 ஆண்டுவரை சிறை என்று அறிவித்தார்கள். வழக்கு நடக்கும்போதே, 2013 ஜனவரியில், 26 வயதில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். சட்டப் புத்தகத்தில் பெரிய எண் எழுதி வைத்தால் யாராவது ஒருவர் அதை எடுத்து நீட்டத்தான் செய்வார்.

இணைய முகவரியை மறைக்கும் வி.பி.என். போட்டால் தப்பிக்கலாமா?

அந்தப் பாடம் நடத்த இந்தப் பக்கம் எழுதவில்லை.

எனக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் பதறிப் பணம் கட்டாதீர்கள். பயந்துபோய் "மன்னித்துக்கொள்ளுங்கள், நான்தான் செய்தேன்" என்று பதிலும் போடாதீர்கள், அது வாக்குமூலம். கடிதத்தில் எந்தப் படைப்பு, எந்தத் தேதி, எந்த மணி என்று இருக்கிறதா பாருங்கள். அனுப்பியவர் உண்மையான ஆள்தானா என்று வேறு வழியில் விசாரியுங்கள், போலி நோட்டீஸ் மோசடி ஏராளம். கெடு தேதி இருந்தால் அதற்குள் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஜெர்மனியில் இப்படிக் கடிதம் அனுப்புவது பெரிய தொழிலாகவே வளர்ந்து, முதல் கடிதத்துக்குத் தனி ஆளிடம் கேட்கும் வக்கீல் கட்டணத்துக்கு 2013-ல் சட்டமே வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. கேட்ட தொகையை அப்படியே கொடுக்க வேண்டும் என்பதில்லை. குப்பையிலும் போட்டுவிடாதீர்கள், உண்மையான வழக்காக இருந்து நீங்கள் ஆஜராகாவிட்டால் தீர்ப்பு ஒருதலையாக வந்துவிடும்.

ஏற்கெனவே இறக்கி வைத்ததை அழித்துவிட வேண்டுமா?

நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால் ஆதாரத்தை அழித்ததாகும், வக்கீலைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். வராதவர்கள் தங்கள் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ளலாம். என் ஹார்டு டிஸ்க்கை நான் என்ன செய்தேன் என்றால், பிடித்த பத்துப் படங்களைத் தேடிப்போய் முறையாக வாங்கப் பார்த்தேன். எட்டு கிடைத்தது. மீதி இரண்டு எங்கும் விற்பனையில் இல்லை. அந்த இரண்டுக்காக டிஸ்க் இன்னும் அலமாரியில் இருக்கிறது.